வானொலிச் செய்தி எந்தக் கட்சி?

கோயம்புத்தூரில் எங்கே வேண்டுமானாலும் நின்று ரேடியோவைத் திருகிப் பாருங்கள். சூரியன், ஹலோ, மிர்ச்சி, ரேடியோ சிட்டி என்று வரிசையாக வரும். இளையராஜா வருவார், அனிருத் வருவார். காந்திபுரத்தில் டிராஃபிக் எப்படி, நாளைக்கு எந்த ஏரியாவில் கரன்ட் கட் என்று ஆர்.ஜே. மூச்சுவிடாமல் சொல்வார். ஆனால் மாநகராட்சிக் கூட்டத்தில் நேற்று யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று சொல்ல மாட்டார். தெரியாததால் இல்லை, சொல்லக் கூடாது.

இந்தியாவில் தனியார் எஃப்.எம். ஸ்டேஷன்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி கிடையாது. டிராஃபிக், வானிலை, தேர்வு முடிவு, குடிநீர், மின்சாரம், விளையாட்டு, இதெல்லாம் விதிப்படி 'செய்தி' என்ற கணக்கில் வராது. அதனால் அவற்றைச் சொல்லலாம். அரசியல் வேண்டும் என்றால் ஒரே வழி, அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்புவது. 2019 முதல் அதற்குக் கதவு திறந்திருக்கிறது. கல்லூரிகள் நடத்தும் சமுதாய வானொலிகளுக்கும் இதே விதிதான். பீளமேட்டில் ஒரு கல்லூரி மாணவர் மைக் முன்னால் உட்கார்ந்து தன் வார்டு பிரச்னையைப் பற்றிப் பேசலாம். அதையே செய்தி அறிக்கையாக வாசிக்க முடியாது.

ஆக, கோவையில் எத்தனை ஸ்டேஷன் இருந்தாலும் செய்திக்கு ஒரே சமையலறைதான். அந்தச் சமையலறையின் சாவி டெல்லியில் இருக்கிறது. இந்த வாரம் அந்தச் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கலாம். அங்கே வேகிற சோறு ஒரு பக்கமாக வேகிறதா, இல்லை நம் நாக்குதான் ஒரு பக்கமாக ருசிக்கிறதா?

ஒரே செய்தி, இரண்டு புகார்

கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் இருக்கும் எங்கள் அப்பிச்சிக்குக் காலை 7.15 செய்தி என்பது பல் விளக்குவதைப் போல. காமராஜர் காலத்துக் காங்கிரஸ்காரர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அண்ணா காலத்துத் தி.மு.க. இரண்டு பேரும் ஒரே திண்ணையில், ஒரே ரேடியோவில், ஒரே செய்தியைப் பல வருடம் கேட்டவர்கள். செய்தி முடிந்ததும் ஆரம்பிக்கும்.

"பாத்தீங்களா பங்காளி, உங்காளுகளுக்கு எத்தன நேரம் குடுத்தான்னு?"

"அட ஏனுங் நீங்க வேற. எங்க தலைவரு பேசுனத கடசீல ஒரு வரில முடிச்சுப்போட்டானுங்களே, அது காதுல வுழுகலீங்களா?"

வாசித்தவர் பாவம், ஒரே ஆள். இவர் காதுக்கு அவர் தி.மு.க., அவர் காதுக்கு இவர் காங்கிரஸ்.

திண்ணைப் பேச்சு என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு அது. 1982-ல் பெய்ரூட் அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய டி.வி. செய்தித் தொகுப்பு ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களில் இஸ்ரேல் ஆதரவாளர்களும் உண்டு, அரபு ஆதரவாளர்களும் உண்டு. இஸ்ரேல் பக்கம் இருந்தவர்கள் "இது இஸ்ரேலுக்கு எதிரான செய்தி" என்றார்கள். அரபு பக்கம் இருந்தவர்கள் "இது அப்பட்டமான இஸ்ரேல் ஆதரவு" என்றார்கள். எந்தப் பக்கமும் சாராத ஒருவர் இதைப் பார்த்தால் எங்கள் பக்கத்தை வெறுத்துவிடுவார் என்றும் இரண்டு தரப்பும் பயந்தது. காட்டியது என்னவோ ஒரே டேப்.

ஊடகமே நமக்கு எதிரி என்று தோன்றும் இந்த மனநிலை நம் எல்லோருக்கும் உண்டு. நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

இதை வைத்துக்கொண்டு "சாய்வு என்று எதுவுமே இல்லை, எல்லாம் கேட்பவர் காதில்தான்" என்று வானொலிக்காரர்கள் கிளம்பினால் அதுவும் சரியில்லை. அப்பிச்சி செய்தியோடு நிற்க மாட்டார். கேட்டு முடித்ததும் டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படிப்பார். பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது ரேடியோவில் வந்ததா என்று பார்ப்பார். வராததை மனசுக்குள் குறித்துக்கொள்வார். "அம்மிணி, பொய் சொல்ல மாட்டானுங்க. வேண்டாததச் சொல்லாம வுட்டுப்போடுவானுங்க" என்பார். செய்தியைவிட விடுபட்டதைக் கேட்கப் பழகிய தலைமுறை அது. எப்படிப் பழகினார்கள் என்றால், அதற்கு அரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

பொள்ளாச்சி, எமர்ஜென்சி, பி.பி.சி.

சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி 1939-லும் தொடங்கின. சுதந்திரத்துக்குப் பிறகும் வானொலி மத்திய அரசின் ஒரு துறையாகத்தான் இருந்தது. ரயில்வே மாதிரி, தபால் மாதிரி. 1952-ல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று அதற்கு இடம் மறுத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? மனு கொடுக்கவில்லை. ரேடியோவை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957-ல் விவித் பாரதி வந்ததற்கு அந்தத் திருகல்தான் காரணம். நேயர்களின் கையில் இருந்த ஒரே ஓட்டு அதுதான்.

செய்தியில் அந்த ஓட்டைப் போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.

1965 பிப்ரவரி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா செய்தார்கள். சுப்பிரமணியம் பொள்ளாச்சி மண்ணைச் சேர்ந்தவர். பிப்ரவரி 11-ம் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசினார். நேரு கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்படும் என்றார். மறுநாள், பிப்ரவரி 12-ம் தேதி, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்று வரை ஒன்றாகவில்லை. ரேடியோவில் உறுதிமொழி கேட்ட அடுத்த நாள் தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஊர், அரசாங்கக் குரலை எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்து வருடம் கழித்து எமர்ஜென்சி. 1975 ஜூன் 26 காலையில் இந்திரா காந்தி நெருக்கடி நிலையை நாட்டுக்கு அறிவித்ததும் இதே வானொலியில்தான். செய்தி ஒலிபரப்புத் துறையில் இருந்த ஐ.கே.குஜ்ரால் மாற்றப்பட்டு வி.சி.சுக்லா வந்தார். காங்கிரஸ் நிகழ்ச்சியில் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாட்டுகள் ரேடியோவில் நிறுத்தப்பட்டன. பாட்டுக்கே இந்தக் கதி என்றால் செய்தியைச் சொல்லவே வேண்டாம். 'ஆல் இண்டியா ரேடியோ'வை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று ஜனங்கள் கிண்டல் செய்தார்கள்.

நம் ஊரில் நிலைமை இன்னும் விசித்திரம். மாநிலத்தில் எமர்ஜென்சியை எதிர்த்த தி.மு.க. ஆட்சி, ரேடியோவில் எமர்ஜென்சியின் குரல். 1976 ஜனவரி 31-ம் தேதி அந்த ஆட்சியையும் கலைத்தார்கள். ஏழு மாதம் நம் தாத்தா பாட்டிகள் இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே உட்கார்ந்து செய்தி கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம் 1984 அக்டோபர் 31. காலை ஒன்பதரை மணிக்குள் இந்திரா காந்தி சுடப்பட்டுவிட்டார். அவர் இறந்த செய்தியைப் பி.பி.சி. சொல்லிவிட்டது. நம் வானொலி மாலை 6 மணி வாக்கில்தான் முறையாக அறிவித்தது. மேற்கு வங்கத்தில் இருந்த ராஜீவ் காந்தியே பி.பி.சி.யைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பல நூல்களில் பதிவான விஷயம். பிரதமரின் மகனுக்கே உள்ளூர் ரேடியோ போதவில்லை.

தமிழ்நாட்டில் பி.பி.சி. என்றால் தமிழோசை. 1941-ல் தொடங்கியது. ஈழப் போர்க் காலத்தில் இரவு நேரத்தில் சிற்றலையைத் தேடி, கொரகொரவென்ற சத்தத்துக்கு நடுவே காதை ஒட்டவைத்துக் கேட்ட வீடுகள் கொங்கு நாட்டிலும் ஏராளம். டெல்லியில் இருந்து ஒரு பக்கம், கொழும்பில் இருந்து ஒரு பக்கம், லண்டனில் இருந்து இன்னொரு பக்கம், மூன்றையும் கேட்டு நடுவில் ஒரு உண்மையைப் பொறுக்கினார்கள். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ம் தேதி நின்றுபோனது. அன்றைக்குச் சிற்றலை ரேடியோவை மூட்டை கட்டிப் பரணில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

காகிதத்தில் ஒரு காது

இதையெல்லாம் சரி செய்யச் சட்டமே இருக்கிறது. பலருக்குத் தெரியாத, எனக்கு ரொம்பப் பிடித்த, கடுப்பும் ஏற்றுகிற சட்டம்.

எமர்ஜென்சி முடிந்து ஜனதா ஆட்சி வந்ததும், பத்திரிகையாளர் பி.ஜி.வர்கீஸ் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். வானொலியையும் தூர்தர்ஷனையும் அரசின் பிடியில் இருந்து விடுவித்துத் தன்னாட்சி அமைப்பாக்குங்கள் என்று 1978-ல் அந்தக் குழு சொன்னது. அப்போது துறை அமைச்சர் எல்.கே.அத்வானி. 1979-ல் வந்த மசோதா குழு கேட்டதைவிட மெலிந்திருந்தது. அதுவும் நிறைவேறும் முன்னே ஆட்சி போனது. 1990-ல் வி.பி.சிங் ஆட்சியில் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. ஆனால் அமலுக்கு வந்தது 1997-ல். நடுவில் ஏழு வருடம் சட்டம் அலமாரியில் தூங்கியது. ஆட்சியில் இல்லாதபோது எல்லோருக்கும் தன்னாட்சி பிடிக்கிறது, வந்ததும் அலமாரிச் சாவி தொலைந்துவிடுகிறது!

அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு படிக்க அவ்வளவு அழகு. பொது முக்கியத்துவம் உள்ள எல்லா விஷயங்களையும் உண்மையாகவும் நடுநிலையோடும் அறிந்துகொள்வது குடிமக்களின் உரிமை, அதைக் காப்பது பிரசார் பாரதியின் கடமை என்கிறது. மாறுபட்ட கருத்துகளுக்கு இடம் தர வேண்டும், தனக்கென்று ஒரு கொள்கையைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

சரி, அந்தக் கடமையில் தவறினால் நேயர் யாரிடம் போவது? அதற்கும் இடம் வைத்திருக்கிறார்கள். ஒலிபரப்பு மன்றம் என்று ஒன்றை அமைக்க வேண்டும், மக்களின் புகார்களை அது கேட்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. காங்கிரஸ், பா.ஜ.க., ஐக்கிய முன்னணி, எல்லோரும் வந்தார்கள், போனார்கள். அந்த மன்றம் மட்டும் வரவே இல்லை. நேயருக்கான காது காகிதத்தில் இருக்கிறது. தலையில் ஒட்ட வைக்க ஆளில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். பிரசார் பாரதியின் செலவில் பெரும்பகுதி மத்திய அரசு தரும் நிதி. சட்டத்தின் 23-வது பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எதை ஒலிபரப்பலாம், எதைக் கூடாது என்று அரசு உத்தரவிடவும் முடியும். சம்பளம் கொடுப்பவர் பக்கத்து ரூமில் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றி எழுதுவது எந்த ஆபீஸிலும் கஷ்டம்தான்.

இப்போது

2014 அக்டோபர் 3-ம் தேதி 'மனதின் குரல்' தொடங்கியது. 2023 ஏப்ரல் 30-ல் நூறாவது பகுதியைத் தாண்டியது. பிரதமர் மாதம் ஒரு முறை வானொலியில் பேசுவது தப்பா? எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. ரேடியோ என்ற ஒன்று இருப்பதையே என் வயசுக்காரர்கள் பலருக்கு நினைவுபடுத்திய நிகழ்ச்சி அது. ஆனால் எதிர்க்கட்சித் தலைவருக்கு அப்படி ஒரு மாத நேரம் கிடையாது. நேயருக்கு உறுத்துவது அங்கேதான்.

2017 ஆகஸ்ட்டில் திரிபுரா முதல்வர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை மாற்றித் தரச் சொன்னது பிரசார் பாரதி. அவர் மறுத்தார், உரை ஒலிபரப்பாகவில்லை. 2023 பிப்ரவரியில், ஆர்.எஸ்.எஸ். பின்னணி கொண்ட ஹிந்துஸ்தான் சமாச்சார் நிறுவனத்திடம் தினசரிச் செய்தி வாங்கப் பிரசார் பாரதி ஒப்பந்தம் போட்டது. பி.டி.ஐ.யோடு இருந்த ஏற்பாட்டை அதற்கு முன்பே 2020-ல் முடித்துக்கொண்டிருந்தது.

2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் நேரத்தில் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் இலவச நேரம் உண்டு, 1977-ல் இருந்து வரும் நல்ல வழக்கம். அதற்காக மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி தன் உரையைக் கொடுத்தார். மதவாத எதேச்சதிகார ஆட்சி, கொடூரச் சட்டங்கள் என்ற பொருளில் வந்த சொற்களை எடுக்கச் சொன்னார்கள். அரசு 'திவால்' என்று இருந்ததைத் 'தோல்வி' என்று மாற்றச் சொன்னார்கள். ஃபார்வர்டு பிளாக் தலைவர் ஜி.தேவராஜன் உரையில் 'முஸ்லிம்' என்ற சொல்லை எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் ஆணையத்தின் நெறிமுறைப்படிதான் செய்தோம் என்பது பிரசார் பாரதி தரப்பு விளக்கம். இருக்கலாம், அந்த நெறிமுறைகள் இருப்பது உண்மை. ஆனால் யெச்சூரி ஒன்று சொன்னார். அதே உரையின் இந்தி மொழிபெயர்ப்பில் எதையுமே நீக்கச் சொல்லவில்லையாம்! இங்கிலீஷில் தப்பு, இந்தியில் சரி. தமிழில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

தமிழ் என்றதும் இன்னொன்று. வானொலிக்கு 'ஆகாசவாணி' என்று 1957-ல் பெயர் வைத்தபோதே இங்கே எதிர்ப்பு இருந்தது. 2023 மே மாதம், இனி எல்லா இடத்திலும் 'ஆகாசவாணி'தான் என்று உத்தரவு வந்தபோது மறுபடி தமிழ்நாட்டுக் கட்சிகள் கொதித்தன. செய்தியின் உள்ளே சாய்வு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, பெயர்ப் பலகையே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக நேயருக்குத் தோன்றிவிடுகிறது.

கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் ஒரு தனிக் கேள்வியும் உண்டு. கெயில் எரிவாயுக் குழாய் நினைவிருக்கிறதா? கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்ட விவசாய நிலங்களின் வழியாகப் போட்ட திட்டம். 2013-ல் விவசாயிகள் எதிர்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-ல் கெயில் பக்கம் தீர்ப்பானது. கெயில் மத்திய அரசு நிறுவனம். இப்படி ஒரு வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரின் பணத்தில்தான் அந்த வழக்கின் செய்தியும் வாசிக்கப்படுகிறது. வாசித்தவர் ஒரு வார்த்தை பிசகாமல் நேர்மையாக வாசித்திருந்தாலும், தென்னந்தோப்பில் நின்று கேட்டவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அணை நீர்மட்டத்தை மட்டும் நம்புகிறோம்

வானொலிக்கு நியாயமும் செய்ய வேண்டும். நம் டி.வி. சேனல்களைப் பாருங்கள். ஜெயா, கலைஞர், மக்கள், கேப்டன் என்று கட்சிக்கொரு சேனல் வைத்த ஊர் நாம். சேனல் லோகோவைப் பார்த்ததும் மூளை தானாகவே இத்தனை சதவீதம் கழித்துக்கொள்ளும். இரவு விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதோடு ஒப்பிட்டால் வானொலிச் செய்தி கோயில் பிரகாரம் மாதிரி அமைதி. கத்தல் இல்லை, பின்னணியில் இசை இல்லை, 'பிரேக்கிங்' இல்லை. சரோஜ் நாராயண்சுவாமி 2022-ல் காலமானபோது, அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் உறவுக்காரர் இறந்தது போல வருத்தப்பட்டார்கள். இன்றைக்கு எந்த டி.வி. ஆங்கருக்கு அது நடக்கும்?

பவானிசாகர் நீர்மட்டம் இத்தனை அடி என்று மாலை 6.30 மாநிலச் செய்தியில் சொன்னால் அப்பிச்சி மறுபேச்சுப் பேச மாட்டார். புயல் எச்சரிக்கை என்றால் நம்புவார். விதை, உரம் பற்றிச் சொன்னால் நம்புவார். ஆடுதுறை 27 ரகத்தை வானொலி வழியாகத் தெரிந்துகொண்டு, அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தவர்கள் தஞ்சாவூர் விவசாயிகள். மழைக்கும் நெல்லுக்கும் நம்பிக்கை, மந்திரி பேச்சுக்கு அவநம்பிக்கை. ஒரே குரலை இரண்டு காதால் கேட்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கேயோ, எப்போதோ எடுத்த காட்சிகள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பட்டறைகளிலும் வேலை செய்த பையன்கள் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். போலீஸ் இந்தியில் விளக்கம் கொடுத்தது. பீகாரில் இருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரத்தில் அந்தப் பையன்களுக்குத் தேவைப்பட்டது ஒரு குரல். அவர்கள் மொழியில், இந்த ஊரில் இருந்து, கட்சி பார்க்காத குரல். திருச்சி ரோட்டில், ராமநாதபுரத்தில் நம் வானொலி நிலையம் இருக்கிறது. டவர் இருக்கிறது, ஸ்டுடியோ இருக்கிறது. பாட்டனார் முதல் பேரன் வரை எல்லோரும் நம்பும் செய்தி என்ற பெயரும் சேர்ந்திருந்தால், பொய் வீடியோவுக்கு அத்தனை வேகம் இருந்திருக்குமா? அந்தப் பெயரை அவசரத்துக்கு அன்றைக்குப் போய்ச் சம்பாதிக்க முடியாது. சாதாரண நாளில் மந்திரி பேச்சையும் எதிர்க்கட்சி பேச்சையும் ஒரே தராசில் வைத்துச் சேர்த்திருக்க வேண்டும்.

வெளிநாட்டில் மட்டும் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் என்.பி.ஆர். என்ற பொது வானொலி இடதுசாரிச் சாய்வு கொண்டது என்பது குடியரசுக் கட்சியினரின் நெடுநாள் புகார். 2025 மே மாதம் அதிபர் ட்ரம்ப் அதற்கான அரசுப் பணத்தை நிறுத்த உத்தரவு போட்டார். ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமே, பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. அடி விழுந்தது வாஷிங்டனுக்கு இல்லை. அந்தப் பணத்தையே நம்பி இருந்த கிராமத்துச் சின்ன ஸ்டேஷன்களுக்குத்தான். அங்கே வானொலி ஆட்சியாளருக்குப் பிடிக்காமல் போய் மாட்டிக்கொண்டது. இங்கே பிடித்துப்போய் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பிரிட்டனில் பி.பி.சி. மீதும் எல்லாக் கட்சிகளும் திட்டித் தீர்க்கின்றன. ஆனால் அங்கே புகாருக்கு ஒரு பாதை உண்டு. நேயர் எழுதினால் பி.பி.சி. பதில் சொல்லியாக வேண்டும். திருப்தி இல்லை என்றால் உள்ளேயே மேல்முறையீடு, அதற்கும் மேலே ஆஃப்காம் என்ற வெளி அமைப்பு. தப்பு என்று முடிவானால் அதைப் பொதுவில் வெளியிடுகிறார்கள். நம் சட்டத்தில் எழுதிவைத்த ஒலிபரப்பு மன்றம் வந்திருந்தால் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்திருக்கும். கோபித் திண்ணையில் போட்ட சண்டையை ஒரு தபால் கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். "இன்ன தேதி செய்தியில் இன்னது ஏன் வரவில்லை?" என்று. யாராவது ஒருவர் டேப்பை எடுத்துக் கேட்டு, ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் எழுதியிருப்பார். இரண்டு பெரியவர்களில் ஒருவருக்காவது வாய் அடைத்திருக்கும்.

தனியார் எஃப்.எம்.களுக்குச் செய்தி அனுமதி கேட்டு 'காமன் காஸ்' என்ற அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றம் போனது. கண்காணிக்க வழி இல்லை, பாதுகாப்புப் பிரச்னை வரும் என்பது அரசின் வாதம். 24 மணி நேரமும் செய்திச் சேனல்கள் ஓடும் நாட்டில் இந்த வாதம் எனக்குப் புரியவில்லை. மணிக்கு 10 நிமிடம் வரை தனியார் எஃப்.எம். செய்தி வாசிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் டிராயும் பரிந்துரைத்திருக்கிறது. அனுமதி வந்தால் டி.வி.யில் நடந்தது ரேடியோவிலும் நடக்கும், கட்சிக்கொரு எஃப்.எம். முளைக்கும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். நியாயமான பயம். ஆனாலும் நாலு அடுப்பு எரிந்தால்தான் எந்த அடுப்பில் உப்பு குறைச்சல் என்று தெரியும். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்களே, அந்த இரண்டு தரப்பையும் உட்கார வைத்துத் தினமும் 10 நிமிடம் பேச வைக்கும் எஃப்.எம். ஒன்று ஈரோட்டிலோ கோவையிலோ இருந்தால் நான் முதல் நேயர்.

உங்கள் வீட்டில் இன்னும் செய்தி கேட்கும் ரேடியோ இருக்கிறதா? எந்த நேரத்துச் செய்தி, எந்த விஷயத்தில் நம்புவீர்கள், எதில் நம்ப மாட்டீர்கள், கேட்டு எரிச்சலாகி அணைத்தது எந்தச் செய்திக்கு என்று எழுதி அனுப்புங்கள். எந்தக் கட்சிக்காரர் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். கணக்கில் கழித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.